ஏழு கன்னியர் மலையும் ஹட்டன் டேப்லட்டும்

நோர்வூட்டில் புகையிரத நிலையம் இல்லை, விமான நிலையமும் இல்லை. ஹட்டனிலிருந்து வரும் வீதி மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாகப் பிரியும் சந்தி அது. கெஹெல்கமு ஓயா தேயிலைச் சரிவுகளின் அடியால் ஓடிவந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கலப்பதும் அதன் பக்கத்தில்தான். விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவர்கள் தரையில் ஊர்ந்து போகும் விமானங்களைக் கண்காணிக்க இன்று தானியங்கிக் கருவிகள் உதவுகின்றன. அவற்றின் வரலாற்றை இப்படியொரு ஊரில் தொடங்குவது பொருந்துமா என்று வாசகர் கேட்கலாம். பொருந்தும் என்பது என் எண்ணம். நோர்வூட்டுக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஹட்டன் புகையிரத நிலையம். மேற்கே, மஸ்கெலியாவும் நோர்ட்டன்பிரிட்ஜும் இருக்கும் பக்கம், ஏழு கன்னியர் மலைத்தொடர். ஓடுகிற வண்டி எங்கே நிற்கிறது என்பதை அந்த வண்டியின் வாயிலிருந்து கேட்டு நம்பாமல், வேறொரு சாட்சியைக் கொண்டு அறியும் பழக்கம் முதலாவது இடத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அந்தச் சாட்சி இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டாவது இடம் ஆதாரமாக நிற்கிறது. விமான நிலையத் தானியக்கத்தின் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது.

முதலில் கோச்சியின் கதை. புகையிரதம் 1867இல் கண்டியை எட்டியது. 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்தது. அங்கிருந்து மலையேறி ஹட்டனைத் தொட 1884 ஆகிவிட்டது. மறு ஆண்டு நானுஓயா. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல்தான். கோப்பித் துரைமார் கேட்ட பாதை இது. ஆனால் தண்டவாளம் ஹட்டனுக்கு வருவதற்குள் இலைநோய் கோப்பியை அழித்துவிட்டிருந்தது. பாதை சுமந்தது தேயிலையை. நாவலப்பிட்டிக்கு மேலே 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம், கூரிய வளைவுகள், சுரங்கங்கள், ஆண்டில் பாதி நாள் இறங்கி நிற்கும் பனிமூட்டம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் மட்டுமே அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். இந்த நிலத்தில் இரட்டைப் பாதை போட எந்த அரசாங்கமும் துணியவில்லை. கொழும்பிலிருந்து வரும் இரட்டைப் பாதை ரம்புக்கனையோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஒற்றைத் தண்டவாளம். ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒரே இரும்பின் மேல் எதிரெதிராக வரவேண்டும், நிலையங்களில் மட்டும் ஒதுங்கிக் கடக்கவேண்டும். வளைவுக்கு அப்பால் வருவதைச் சாரதியால் பார்க்க முடியாது. கொட்டகலையில் இருக்கும் நிலைய அதிபர் ஹட்டனில் நடப்பதைப் பார்க்க முடியாது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே போய்விட்ட வண்டி எல்லாருடைய கண்ணிலிருந்தும் மறைந்த வண்டி.

ஒற்றைப் பாதையின் இந்தக் குருட்டுத்தனத்துக்குத் தந்தி போதுமான மருந்து என்று முதலில் நினைத்தார்கள். ஒரு நிலையம் கேட்கும், மறுநிலையம் சம்மதிக்கும், வண்டி புறப்படும். 1874 செப்டம்பர் 10ஆம் நாள் இரவு இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. எதிரே வரும் வண்டியை அனுப்பலாம் என்ற தந்தி, உரிய அதிகாரியின் இறுதி ஒப்புதல் இல்லாமலே போய்விட்டது. அதைத் திரும்பப் பெற முயன்றபோது மறுமுனையில் வண்டி புறப்பட்டுவிட்டிருந்தது. இரண்டு வண்டிகளும் மழையிருட்டில் நேருக்கு நேர் மோதின. இருபத்தைந்துக்கும் குறையாதவர்கள் இறந்தார்கள். அங்கே தந்திக் கம்பி அறவில்லை, இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. ஒருவர் சொன்னதாக மற்றவர் நினைத்தார், அவ்வளவுதான். எட்வர்ட் டையர் என்ற பொறியியலாளர் இதற்குக் கண்ட பதில்தான் 1878இல் வந்த மின்சார டேப்லட் கருவி. எளிமையில் அதற்கு நிகராக இன்னொரு பாதுகாப்புக் கருவியை என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பிரிவின் இரு முனை நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி; இரண்டையும் கம்பி இணைக்கிறது. பெட்டிக்குள் உலோக வட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் இரு நிலையங்களின் பெயரும் பொறித்திருக்கும். மறுமுனை நிலையம் மணியடித்துச் சம்மதித்துப் பொத்தானை அழுத்தினாலன்றி இந்த முனையில் வட்டு வெளியே வராது. ஒரு வட்டு வெளியே வந்துவிட்டால், அது ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். சாரதி அந்த வட்டைக் கையில் வாங்காமல் பிரிவுக்குள் நுழையக் கூடாது; அடுத்த நிலையத்தில் அதைக் கொடுத்துவிட்டுப் புதிய வட்டு வாங்கவேண்டும்.

மலையகப் பாதையில் பயணம் செய்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். பெரிய வளையத்தில் தோற்பை தொங்கும். பைக்குள் வட்டு இருக்கும். நிலைய ஊழியர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, ஓடும் இயந்திரத்திலிருந்து நீளும் கை அதைக் கோத்து எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பயணிகள் இதைப் பழைய காலத்து அழகாகப் படம் பிடிக்கிறார்கள். அந்த அழகுக்குப் பின்னால் கடுமையான ஒரு தர்க்கம் இருக்கிறது. டேப்லட் மூன்று காரியங்களைச் செய்கிறது. வண்டி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மனிதரின் சொல்லுக்குப் பதிலாக ஒரு பொருளைச் சாட்சியாக்குகிறது. நிலைய அதிபரின் நினைவாற்றலுக்குத் துணை நிற்கிறது; அவர் மறந்தாலும் பெட்டி மறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, தவறை எச்சரிப்பதோடு நில்லாமல் தவறு செய்ய முடியாதபடி கையைப் பிடித்துக்கொள்கிறது. எச்சரிக்கையும் பூட்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாடுதான் பின்னால் விமான நிலையங்களின் வரலாற்றில் உயிர்களின் விலையாக மாறப்போகிறது.

நூறு ஆண்டுகள் கடந்தன. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்கள் 182 பேரை ஏற்றிக்கொண்டு நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்து டிசி-8 விமானம் ஜித்தாவுக்குப் போகும் வழியில் கட்டுநாயக்காவில் இறங்க வந்துகொண்டிருந்தது. பணியாளர் ஒன்பது பேர். கிழக்கிலிருந்து தீவுக்குள் நுழைந்து மத்திய மலைகளைக் கடந்து கடலோரச் சமவெளியில் இறங்கவேண்டிய வழி அது. தாங்கள் விமான நிலையத்தை நன்றாக நெருங்கிவிட்டதாக விமானிகள் நம்பினார்கள். கட்டுப்பாட்டு நிலையம் அவர்களைப் படிப்படியாக இறங்க அனுமதித்தது. கடைசியில் 2,000 அடிவரை இறங்கலாம், விமான நிலையம் கண்ணுக்குத் தெரிந்ததும் அறிவியுங்கள் என்றது. உண்மையில் அப்போது விமானம் கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல்மைல் தொலைவில், மலைகளின் நடுவே இருந்தது. 2,000 அடி என்பது கட்டுநாயக்காவின் தென்னந்தோப்புகளுக்கு மேலே பாதுகாப்பான உயரம். மஸ்கெலியாவில் அது மண்ணுக்கு அடியில் இருக்கும் உயரம். ஏறத்தாழ 4,355 அடி மட்டத்தில் விமானம் ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இதுவே இன்றுவரை மிகக் கொடியது.

விசாரணையின் முடிவு சுருக்கமானது. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாக நிர்ணயித்தார்கள். அதனால் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விமானத்திலேயே இருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியது தவறான விளக்கத்துக்கு இடம் கொடுத்தது. இந்த முடிவை விமானிகள் மேல் போடும் பழியாக மட்டும் வாசித்தால் அதன் பாதி போய்விடும். தோர்ப்பின் தந்தி அறையில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது: ஒருவர் ஓரிடத்தில் இருப்பதாக நினைத்தார், நினைத்ததைச் சொன்னார், கேட்டவர் அந்தச் சொல்லின் மேல் அடுத்த கட்டளையைக் கட்டினார். இருவரும் நேர்மையானவர்கள். அந்தச் சொல்லைச் சரிபார்க்க மூன்றாவது சாட்சி ஒன்று மட்டும் இல்லை. அந்த மலையடிவாரத்திலிருந்து சிறிது தூரத்தில், வட்டவளையிலும் ரொசல்லையிலும் ஹட்டனிலும், ஒரு சாதாரணச் சரக்கு வண்டிகூட உலோக வட்டு இல்லாமல் நகரமுடியாத முறை நடைமுறையில் இருந்த நாட்டில் இது நடந்தது.

வானத்தையும் தண்டவாளத்தையும் ஒப்பிடுவது நியாயமா என்று ஒரு மறுப்பு எழும். கோச்சிக்கு முன்னும் பின்னும் என்று இரண்டே திசை. விமானத்துக்கு எண்ணற்ற திசைகள், அதோடு உயரமும் உண்டு. மறுப்பு சரிதான். ஆனால் விமானம் தரையைத் தொட்ட நிமிடத்திலிருந்து அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஓடுபாதையும் அதற்குப் போகும் டெக்சிவேக்களும் ஒற்றைத் தண்டவாளங்களைப் போன்றவை; ஓடுபாதை என்பது எந்த நேரத்திலும் ஒரே ஒரு விமானத்துக்கு மட்டும் உரிய பிரிவு. அங்கே ஊரும் விமானத்தின் சாரதிக்கும் வளைவுக்கு அப்பால் தெரிவதில்லை. மூடுபனியில் கோபுரத்தில் இருப்பவருக்கு எதுவுமே தெரிவதில்லை. அதனால்தான் வானத்துக்கு ராடார் வந்து வெகு காலம் ஆன பிறகும் விமானப் பயணத்தின் மிகக் கொடிய விபத்து தரையிலேயே நடந்தது. 1977 மார்ச் 27, கனாரித் தீவுகளில் தெனெரீஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், சிறிய லொஸ் ரொடேயோஸ் நிலையத்துக்குப் பெரிய விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. மேகம் இறங்கி ஓடுபாதையை மூடியது. பான் ஆம் ஜம்போ ஓடுபாதையிலேயே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. விலகவேண்டிய வழியைத் தாண்டிவிட்டது. கேஎல்எம் ஜம்போ அனுமதி கிடைத்ததாக நினைத்துப் பாய்ந்தது. காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் குரலும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆமின் குரலும் ஒரே நேரத்தில் வானொலியில் மோதி இரைச்சலாகிவிட்டன. தரை ராடார் அங்கே கிடையாது. 583 பேர் இறந்தார்கள். வாய்ச்சொல்லை மட்டும் கொண்டு நடத்திய ஒரு பணி, அந்தச் சொல் கேட்காத ஒரே தருணத்தில் முழுவதுமாகக் கைவிட்டது.

தெனெரீஃபுக்குப் பிறகும் உலகம் விரைந்து கற்றுக்கொள்ளவில்லை. 1991 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் கோபுரத்தில் ஒரு கட்டுப்பாட்டாளர் சிறிய விமானம் ஒன்றை ஓடுபாதையில் நிறுத்திவைத்தார். அதே ஓடுபாதையில் இறங்க போயிங் 737 ஒன்றுக்கும் அனுமதி கொடுத்தார். முதலாவது நிற்பதை அவர் மறந்துவிட்டிருந்தார். நினைவூட்டியிருக்கக்கூடிய தரை ராடார் அன்று வேலை செய்யவில்லை. 35 உயிர்கள் போயின. டையரின் பெட்டி இருந்திருந்தால் இரண்டாவது வட்டு வெளியே வந்திருக்காது என்று சொல்லத் தோன்றுகிறது. 2000 ஒக்டோபர் 31 இரவு தாய்பேயில், சூறாவளி மழைக்குள் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் விமானம் ஒன்று திருத்தவேலைக்காக மூடியிருந்த பக்கத்து ஓடுபாதையில் தவறித் திரும்பி மேலெழ ஓடியது. கட்டுமான இயந்திரங்களில் மோதியதில் 83 பேர் இறந்தார்கள். அது தவறான பாதையில் நிற்கிறது என்பதைக் கோபுரத்திலிருந்து பார்க்க வழியில்லை. அங்கேயும் தரை ராடார் இல்லை.

ஆனால் இந்த வரிசையில் என் வாதத்துக்கு மிக நெருக்கமானது 2001 ஒக்டோபர் 8ஆம் நாள் மிலானின் லினாட்டே நிலையத்தில் நடந்தது. மூடுபனி. ஒரு சிறிய செஸ்னா ஜெட் திரும்பவேண்டிய பக்கத்தை விட்டு மறுபக்கம் திரும்பி, ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும் வழியில் போய்க்கொண்டிருந்தது. அதன் விமானி தரையில் எழுதியிருந்த எஸ்-4 என்ற குறியீட்டைப் பார்த்து, எஸ்-4ஐ நெருங்குகிறேன் என்று சரியாகவே சொன்னார். கோபுரத்தில் இருந்தவரின் வரைபடத்தில் எஸ்-4 என்ற இடமே இல்லை. அவர் தன் மனதில் இருந்த இடத்தில் விமானத்தை வைத்துக்கொண்டு, தொடர்ந்து போகச் சொன்னார். மேலெழும் எஸ்ஏஎஸ் விமானம் அந்த ஜெட்டின் மேல் மோதியது. தரையில் நின்ற நான்கு பேரையும் சேர்த்து 118 பேர் இறந்தார்கள். பழைய தரை ராடாரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. ஏழு கன்னியர் மலையில் விமானிகள் தவறான இடத்தைச் சொன்னார்கள். லினாட்டேயில் விமானி சரியான இடத்தைச் சொன்னார். இரண்டுக்கும் முடிவு ஒன்றே. இடத்தைச் சொல்பவர் திறமையாகச் சொன்னால் போதும், பயிற்சியைக் கூட்டினால் போதும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இந்தியாவிலும் இதே பாடம், தரையில் அல்லாமல் வானத்தில், 1996 நவம்பர் 12ஆம் நாள் கிடைத்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கசக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். டில்லியில் அன்று இருந்த ராடார் விமானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும். எந்த உயரத்தில் என்று காட்டாது. உயரத்தை விமானிகள் வாயால் சொல்லவேண்டும். கசக்ஸ்தான் விமானம் தனக்குக் கொடுத்த 15,000 அடிக்குக் கீழே இறங்கியதைக் கட்டுப்பாட்டாளர் அறிய வேறு வழியில்லை.

இன்று பெரிய விமான நிலையங்களில் இருக்கும் தரைக் கண்காணிப்பு முறையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். அதில் புதுமை கணினியில் இல்லை. சாட்சிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. தரை ராடார் ஓடுபாதையைச் சுழன்று பார்க்கிறது. நிலையத்தைச் சுற்றி நட்டிருக்கும் அலைவாங்கிகள் விமானத்தின் டிரான்ஸ்பொண்டர் அனுப்பும் சமிக்ஞை ஒவ்வொன்றுக்கும் எத்தனை நுண்ணொடி வித்தியாசத்தில் வந்து சேர்கிறது என்று கணித்து, அது நிற்கும் இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்லிவிடுகின்றன. விமானம் செய்மதிகளிலிருந்து தன் இடத்தை அறிந்து ஒலிபரப்பும் தகவல் மூன்றாவது. மூன்றையும் கணினி ஒன்றாக்கி, பெயர் எழுதிய சிறு உருவமாகத் திரையில் ஊரவிடுகிறது. அமெரிக்காவில் ஏஎஸ்டிஇ-எக்ஸ் என்ற பெயரில் இம்முறை 2003இல் மில்வோக்கியில் தொடங்கி 35 நிலையங்களுக்குப் பரவியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2004இல் இதற்கான வழிகாட்டி நூலை வெளியிட்டது. டில்லியிலும் சென்னையிலும் இம்முறை இயங்குகிறது. அடுத்த படி, நான் முக்கியமாகக் கருதும் படி, இடத்தைக் காட்டுவதைக் கடந்து செல்கிறது. கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்துக்கு எந்த வழி கொடுத்தார் என்பதும் கணினிக்குத் தெரியும். ஆகவே கொடுத்த வழியையும் போகும் வழியையும் அது விடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். தவறான திருப்பத்தில் மூக்கை நுழைத்த உடனேயே, அனுமதியில்லாமல் கோட்டைத் தாண்டிய உடனேயே, திரையில் எச்சரிக்கை எழும். தாய்பேயிலும் லினாட்டேயிலும் இல்லாமற்போன கண் இதுதான்.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். இயந்திரம் சொல்வதை மனிதர் பார்க்காவிட்டால் என்ன பயன்? இந்தக் கேள்வி கற்பனையில் பிறந்ததல்ல. 2024 ஜனவரி 2ஆம் நாள் தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் கடலோரக் காவற்படை விமானமொன்று அனுமதி கிடைத்ததாக எண்ணி ஓடுபாதையில் நுழைந்து நாற்பது வினாடியளவு நின்றது. கோபுரத்தின் திரை நிறம் மாறி எச்சரித்தது. கட்டுப்பாட்டாளர் அதைக் கவனிக்கவில்லை. இறங்கிய ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் அதன் மேல் மோதியது. எயார்பஸ்ஸில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறியது பெரும் பேறு. நிலநடுக்க நிவாரணப் பொருட்களோடு புறப்பட இருந்த காவற்படை விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பார்த்தீர்களா, கருவி இருந்தும் விபத்து நடந்தது என்று சிலர் சொன்னார்கள். அவர்களுக்குப் புகையிரத வரலாறு நூற்றாண்டுக்கு முன்பே பதில் வைத்திருக்கிறது. 1921 ஜனவரி 26, வேல்ஸ் நாட்டின் ஏபர்மியூல் நிலையம். டையரின் டேப்லட் கருவி சிறிதும் பழுதில்லாமல் வேலை செய்தது. ஆனால் ஊழியர்கள் அவசரத்தில், வந்த வண்டி கொண்டுவந்த வட்டை அதே சாரதியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சாரதியும் அதில் பொறித்திருந்த பெயர்களை வாசித்துப் பார்க்கவில்லை. எதிரே வந்த விரைவு வண்டியோடு மோதி 17 பேர் இறந்தார்கள். அதற்காக யாரும் டேப்லட்டைத் தூக்கி எறியவில்லை. வட்டு பெட்டியிலிருந்து முறையாக வெளிவந்தாலன்றிப் புறப்படும் சிக்னல் இறங்காதபடி இரண்டையும் பிணைப்பதே அதிலிருந்து பெற்ற பாடம். கருவியின் சாட்சியை மனிதர் பார்க்கத் தவறினால், அந்தச் சாட்சியைப் பூட்டோடு இணைக்கவேண்டும் என்பதே ஏபர்மியூலின் தீர்ப்பு. ஹனேடாவின் தீர்ப்பும் அதுவே. ஓடுபாதையின் வாசலில் தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை, கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுக்கும்வரை அணையாமல் விமானியின் கண்ணெதிரே எரியவேண்டும். ஹனேடாவில் அந்த விளக்குகள் அன்று திருத்தவேலைக்காக இயங்காமல் இருந்தன.

கருவியே பொய் சொன்னால் என்ற அச்சத்தையும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1978 நவம்பர் 15 இரவு, ஜித்தாவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிக்கொண்டிருந்த ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டிசி-8 கட்டுநாயக்காவை நெருங்கும்போது தோப்புக்குள் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விமானிகள் இறங்குமுறையைப் பின்பற்றவில்லை என்றது இலங்கை விசாரணை. நிலையத்தின் கருவிகளும் கட்டுப்பாட்டுப் பணியும் பிழையானவை என்றார்கள் அமெரிக்க, ஐஸ்லாந்து அதிகாரிகள். யார் சொன்னது சரி என்பதை இங்கே தீர்க்கத் தேவையில்லை. ஒரே ஒரு கருவியை நம்புவதும் ஒரே ஒரு குரலை நம்புவதும் ஒரே வகை ஆபத்து என்பது மட்டும் இதில் உறுதியாகிறது. மழையைப் பார்த்து விமானம் என்று கத்தும் ராடார் சில நாட்களில் கட்டுப்பாட்டாளரைச் செவிடாக்கிவிடும். எச்சரிக்கை ஒலித்தாலும் கை அதை அணைக்கப் பழகிவிடும். அதனால்தான் ஒன்றையொன்று திருத்தும் மூன்று சாட்சிகள் வேண்டும், பராமரிப்பும் வேண்டும். டேப்லட் பெட்டியின் மின்கலத்தையும் மணியையும் சோதிப்பதைப் புகையிரதப் பகுதி தலைமுறைகளாக ஒரு வேலையாகச் செய்து வந்திருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் எந்தத் தானியக்கமும் காகிதப் பெருமைதான்.

நோர்வூட் போன்ற ஊரிலிருந்து வரக்கூடிய இன்னொரு மறுப்பு எனக்கு மேலும் முக்கியமாகப் படுகிறது. கண்காணிப்பு என்ற சொல்லே தோட்டத்து மக்களுக்குக் கசப்பான சொல். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பது முதல் மாலை கொழுந்து நிறுப்பது வரை ஒன்றரை நூற்றாண்டாக அவர்களைக் கணக்கெடுத்தவர்கள் மற்றவர்கள். அரைப்பேர் (அரைநாள் கூலி) போட்டதும், நிறுவையில் கழித்ததும் கணக்கு எழுதியவர் கையில் இருந்தன. அப்படியிருக்க, உழைப்பவர்மேல் இன்னோர் இயந்திரக் கண்ணை வைப்பதை வரவேற்பது எப்படி? கட்டுப்பாட்டாளர்களையும் விமானிகளையும் பிடித்துத் தண்டிக்க இந்தப் பதிவுகள் பயன்படாதா, பிறகு ஆளையே குறைக்க வழியாகாதா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுத் தொழில்நுட்பத்தைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் டேப்லட்டை மறுபடியும் பாருங்கள். அது நிலைய அதிபரின் நடத்தையை எழுதிவைக்கும் புத்தகம் அல்ல. வண்டியின் இடத்தைக் காக்கும் பூட்டு. அது வந்ததால் நிலைய அதிபரின் வேலை போகவில்லை. இரவு முழுவதும் நினைவை மட்டும் நம்பித் தூங்காமல் நடுங்கியிருக்கவேண்டிய பாரத்தைத்தான் அது அவர் தோளிலிருந்து இறக்கியது. கொழுந்து நிறுக்கும் தராசும் அப்படித்தான்: கணக்கப்பிள்ளை மட்டும் பார்க்கும் தராசு அநியாயத்தின் கருவி, பறித்தவரும் பார்க்கும் தராசு நியாயத்தின் கருவி. தரைக் கண்காணிப்புத் திரையும் அதில் வரும் பதிவும் தவறிலிருந்து கற்பதற்கே பயன்படவேண்டும், ஊழியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அல்ல என்பதைச் சட்டமாகவே எழுதிவைப்பதுதான் இந்த மறுப்புக்கு ஏற்ற பதில். லினாட்டேயில் அந்தக் கட்டுப்பாட்டாளர் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் அவருக்கு ஒரு ராடாரையும் சரியான வரைபடத்தையும் கொடுக்காதவர்கள் அந்த மூடுபனிக்குள் அவரைக் குருடராக உட்கார வைத்திருந்தார்கள் என்பதை மறக்க முடியாது.

செலவைச் சொல்லித் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. எங்களைப் போன்ற சிறிய நாட்டுக்கு, ஒரே ஓடுபாதையுள்ள கட்டுநாயக்காவுக்கு, இத்தனை ஏற்பாடு எதற்கு என்பார்கள். லொஸ் ரொடேயோஸும் சிறிய நிலையம்தான். அன்று ஒரு நாள் மட்டும் அங்கே கூட்டம் சொல்லாமல் வந்தது. ஒரே ஓடுபாதை என்பது ஆபத்தைக் குறைப்பதில்லை, எல்லா ஆபத்தையும் ஒரே இடத்தில் கூட்டிவைக்கிறது. மேலெழுவதும் இறங்குவதும் குறுக்கே கடப்பதும் அதே கோட்டில்தான். ஒற்றைப் பாதை மலிவானது, ஆகவே பூட்டு வேண்டாம் என்று ஹட்டன் பாதையைப் போட்டவர்கள் நினைத்திருந்தால் சிங்கமலைச் சுரங்கம் எத்தனை முறை பிணக்குழியாகியிருக்கும்? பாதை ஒற்றையாக இருப்பதுதான் பூட்டு வேண்டியதற்கான காரணம். கட்டுநாயக்கா, பலாலி, மத்தள ஆகிய மூன்று இடங்களிலும் கோபுரம் கண்ணால் பார்ப்பதற்கும் காதால் கேட்பதற்கும் அப்பால் இன்னொரு சாட்சி இருக்கவேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் அல்ல.

மலையகப் பாதையில் டேப்லட் வளையங்கள் இன்றும் கைமாறுகின்றன. ஒரு நாள் வண்ணவிளக்குச் சிக்னல்கள் ஹட்டனுக்கும் வரும், வரவேண்டும். அன்று அந்தப் பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம் என்று புகையிரதத் திணைக்களத்தையும் ஹட்டன்-டிக்கோயா நகர சபையையும் நோர்வூட் பிரதேச சபையையும் கேட்டுக்கொள்கிறேன். இணைந்து வேலை செய்யும் இரண்டு பெட்டிகளையாவது ஹட்டன் நிலையத்தில் பிள்ளைகள் தொட்டு இயக்கிப் பார்க்கும்படி வையுங்கள். ஒரு வட்டு வெளியே இருக்கும்போது இரண்டாவது ஏன் வரமறுக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலை எழுதும் பலகையில், 1974 டிசம்பர் 4 என்ற தேதியையும் 191 என்ற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.